கூடத்துக்குக் குறுக்கே நீ கட்டிய சுவர்

காலையிலிருந்து வீடு முழுக்க நனைந்த மண்வாசனை. வெளியே மழை எதுவும் இல்லை. ஆரணியில் பங்குனி மாதத்தில் மழையைப் பற்றிப் பேசினால் ஊரே சிரிக்கும். வாசனை நடுக் கூடத்திலிருந்து வருகிறது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் கூடத்துக்குக் குறுக்கே நீ கட்டிய சுவரை இன்று எடுத்துவிட்டோம். தூசு கிளம்பாமல் இருக்க வேலையாட்கள் தண்ணீர் தெளித்தார்கள். தெளித்த உடனே ஏரிக்கரையில் முதல் மழைக்கு வருமே, அந்த வாசனை வந்தது. சிமெண்ட் சுவர் இப்படி மணக்காது என்பது பட்டு வியாபாரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத எனக்கும் தெரியும்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமலேதான் எழுதுகிறேன். உன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே இன்று காலையில்தான் தெரிந்தது. இவ்வளவு வருஷம் வாய் ஓயாமல் பேசினேனே, அதில் ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு யோசித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியம் வந்திருக்காது.

எங்கள் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் நாங்கள் அளந்து விடும்போதெல்லாம் நீ மீசைக்குள் சிரித்துக்கொண்டு கேட்பாயே, அந்த முகத்தை நினைத்துக்கொள்வதற்காக மறுபடியும் சொல்கிறேன். ஷேர் ஆட்டோக்காரர்கள்கூட 'எட்டுத் தூண் வீடு' என்றால் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். தெருவைப் பார்த்து அகலமாக நிற்கும் முகப்பு. உள்ளே நுழைந்தால் இடமும் வலமுமாக அறுபது அடிக்கு ஓடும் கூடம். தெற்குக் கோடியில் நின்று பேசினால் வடக்குக் கோடியில் இருப்பவர் "இன்னா?" என்று ஒரு தரம் திருப்பிக் கேட்பார்.

இந்த வீட்டை எங்கள் கொள்ளுத்தாத்தா ஒரே மூச்சில் கட்டினார் என்பது எங்கள் வீட்டு வேதம். எட்டுத் தூணும் கப்பலில் வந்த பர்மா தேக்கு. புதுமனை புகுவிழாவுக்கு வந்த ஜாகீர்தார் விட்டத்தை அண்ணாந்து பார்த்தபோது அவர் தலைப்பாகை பின்னால் விழுந்துவிட்டது. கூடத்தின் இரண்டு கோடியிலும் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் கற்கள், அவர் வந்த குதிரைகளைக் கட்டுவதற்காக நட்டவை. நைனா இதைச் சொல்லும்போது தலைப்பாகை விழுந்த இடத்தை விரலால் காட்டுவார். நானும் தம்பியும் பட்டு வாங்க வந்தவர்களிடமும் சம்பந்தம் பேச வந்தவர்களிடமும் ஒரு சொல் குறையாமல் இதையே ஒப்பித்தோம். எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போன விஷயங்கள் குறைவு. இந்தக் கதை அதில் ஒன்று.

நீ ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். சேவூரிலிருந்து நடந்து வருவாய். பிறகு நான் கடைக்குப் போனேன், நீ கொத்தனார் கரண்டியைப் பிடித்தாய். ஆள் நடுவில் என்னை "மொதலாளி, வாங்க, போங்க" என்பாய். யாரும் இல்லாவிட்டால் "டேய்". வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சுவரிடம் போவாய். மாடு வாங்க வந்தவன் போல விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாய். என் மனைவி காபி கொண்டுவருவதற்குள் கூடத்தை ஒரு சுற்று தட்டி முடித்திருப்பாய்.

"இன்னாடா பாக்குற?" என்று கேட்டால், "நல்லா கீதான்னு விசாரிச்சிகினேன்" என்பாய்.

நீ வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். செங்கல்லைக் கையில் வாங்கியதும் ஒரு தட்டு. சத்தம் சரியில்லை என்றால் அது தனிக் குவியலுக்குப் போய்விடும். ஒரு முறை எங்கள் கிணற்றுச் சுற்றுச்சுவரில் நகத்தளவு கோணல் வந்துவிட்டது என்று சாயங்காலம் அத்தனையையும் பிரித்துப் போட்டாய். யார் கண்ணுக்கும் தெரியாதே என்றேன். "எனக்குத் தெரியுதே" என்றாய். அப்படிப்பட்ட ஒருவனைப் பற்றித்தான் நான் ஊரெல்லாம் கேலி பேசினேன்.

அம்மா போன மறுவருஷம் தம்பிக்கு ஒரு யோசனை வந்தது. கூடத்தைப் பட்டு ஷோரூம் ஆக்க வேண்டும், முகப்பில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, தூண்களைப் பலகை அடித்து மறைத்துவிட வேண்டும் என்றான். என் பிணத்தின் மேல்தான் செய்ய வேண்டும் என்றேன். "நீ வீட்ட வெச்சிகினு பூஜை பண்ணு, நான் பொழப்ப பாக்கணும்" என்றான். நைனா இருந்தால் இப்படிப் பேசுவாயா என்று நான் கேட்டேன். நைனா போனதிலிருந்து நான்தான் நைனா என்று நினைத்துக்கொண்டிருப்பதாக அவன் சொன்னான். அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பாதி எனக்கு. என் பாதியில நான் இன்னா வேணா பண்ணுவேன்" என்றான் தம்பி.

"பண்ணிக்கோ. நடுவுல சொவரு போட்டுக்கலாம்" என்றேன்.

ஊரில் எல்லோரும் தம்பிதான் சுவர் கேட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டது நான். அதை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு சேவூருக்கு வந்தேன். நீ வாசலில் உட்கார்ந்து மட்டப்பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாய். விஷயத்தைச் சொன்னேன். கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"கூடத்துக்கு நடுவுலயா?"

"ஆமா. ஜல்தியா வேணும்."

"மூணு நாளு குடு. பாத்துட்டு சொல்றேன்."

"ஒரு சொவரு போட மூணு நாளு பாக்கணுமா?"

"சட்டை தைக்கறவனே அளவு எடுக்கறான். போ, நாஸ்தா துன்னியா இல்லியா, கோவத்துல வந்திருப்ப" என்று சொல்லி உன் மனைவியைக் கூப்பிட்டு எனக்கு இட்லி வைக்கச் சொன்னாய்.

மூன்று நாளும் வந்தாய். தட்டினாய், நூல் பிடித்தாய், தூண்களின் அடியில் கத்தி முனையால் சுரண்டி முகர்ந்து பார்த்தாய், முகப்பின் வடக்குப் பாதியில் இருக்கும் பெரிய ஜன்னலுக்கு வெளியே போய்க் குந்தியபடி ஒரு மணி நேரம் பார்த்தாய். மூன்றாம் நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டாய். தம்பி வடக்குக் கோடியில் நின்றான், நான் தெற்கில். நடுவில் தரையில் ஓடும் கறுப்புக் கல் பட்டையின் மேல் நீ நின்றுகொண்டாய்.

"சின்னவருக்குத் தெவசம் எங்க படைக்கிறீங்க?" என்று முதலில் கேட்டாய். சின்னவர் என்பது கொள்ளுத்தாத்தாவின் தம்பி. பிள்ளை இல்லாதவர். வருஷா வருஷம் அவருக்கு இலை போட்டுவிட்டு அடுத்த வருஷம் வரை மறந்துபோவோம்.

"வடக்குக் கோடியில" என்றான் தம்பி.

"பெரியவருக்கு?"

"தெக்கால" என்றேன் நான்.

"ஏன் ரெண்டு பேருக்கும் ரெண்டு எடம்?"

வழக்கம் என்றோம். நீ சொல்ல ஆரம்பித்தாய். தெற்குப் பாதியின் செங்கல் ஒரு அளவு, வடக்குப் பாதியின் செங்கல் அதைவிடக் கட்டைவிரல் அளவு பெரியது. தெற்குத் தூண் நாலும் தேக்கு. வடக்குத் தூண் நாலும் ஜவ்வாது மலை வேங்கை. வடக்கு ஜன்னலுக்கு அடியில் வாசற்படிக் கல் புதைந்திருக்கிறது. அது ஒரு காலத்தில் வாசற்கதவு. இது ஒரு வீடே கிடையாது. இரண்டு வீடு. அண்ணன் தெற்கில் இருந்தார், தம்பி வடக்கில் இருந்தார். நடுவில் ஒரு சுவர் இருந்தது. அதை எடுத்த இடத்தில் தளம் சேராததால் கறுப்புக் கல்லைப் பதித்திருக்கிறார்கள்.

"ஏன் எடுத்தாங்க?" என்று தம்பி கேட்டான்.

நீ கோடியில் நிற்கும் கல்லைக் காட்டினாய். "இது இன்னா?"

"குதிரை கட்டின கல்லு" என்று நானும் அவனும் ஒரே குரலில் சொன்னோம். சண்டை போட்டு மூன்று நாளாகப் பேசாதவர்கள் அப்போது மட்டும் சேர்ந்து சொன்னோம்.

நீ சிரித்தாய். "கூடத்துக்குள்ள எவன்னா குதிரை கட்டுவானா? அது சாணி போட்டா யாரு வாருறது? இது பாவு இழுத்துக் கட்டற கல்லுங்க. மழைக் காலத்துல தெருவுல பாவு நீட்ட முடியாது. ஒரு வீட்டுக்குள்ள அத்தினி நீளம் கிடையாது. நடுச் சொவர எடுத்துட்டா ரெண்டு வீடும் சேர்ந்து ஒரு பாவுக்கு நீளம் வரும். அண்ணனும் தம்பியும் நெசவுக்குத்தான் சொவர எடுத்திருக்காங்க. ஜாகீர்தாருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

நீ நெசவாளர் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவன், பார்த்ததும் தெரிந்திருக்கிறது. தெருவில் விடிகாலையில் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவதை நானும் தம்பியும் தினமும் கடைக்குப் போகும் வழியில் பார்த்தவர்கள்தான். அந்தப் பாவில் நெய்த சேலையை விற்றுத்தான் சாப்பிடுகிறோம். ஆனாலும் வீட்டுக்குள் இருக்கும் கல்லில் எங்களுக்குக் குதிரைதான் தெரிந்தது.

தம்பிக்குச் சுவரைவிட வேங்கைதான் வலித்தது. அவன் பக்கத்துத் தூண்கள் பர்மா தேக்கு இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். எனக்கு வேறு மாதிரி வலித்தது. "நாங்க நெசவுக்காரன் வூட்டுப் பசங்கன்னு சொல்றதுக்கா மூணு நாளு எடுத்துகின?" என்று கேட்டேன்.

"ஆமா. அதுல இன்னா தப்பு?" என்றாய்.

தப்பு ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஞாபகமும் வந்தது, உன்னிடம்கூடச் சொல்லவில்லை. நான் மிகச் சின்னவனாக இருந்தபோது ஒரு ஐப்பசி மழையில் கூடம் முழுக்க ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மஞ்சள் நூல் விரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் அதன் இரண்டு பக்கமும் நின்றார்கள். யாரும் சத்தம் போடக்கூடாது, ஓடக்கூடாது என்று அம்மா என்னை மடியில் பிடித்து வைத்திருந்தாள். அதை ஏதோ பண்டிகை என்றே நினைத்து வந்தேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும், "கதை கேக்கறதுக்கு உன்ன கூப்புடல. சொவரு போடறியா, வேற ஆள பாக்கட்டுமா?" என்றேன்.

நீ தம்பியைப் பார்த்தாய். அவனும் போடச் சொன்னான். "செரி, நானே போடறேன். வேற யாரும் இதுல கை வெக்க வேணாம்" என்றாய்.

பத்து மூட்டை சிமெண்ட் கேட்டாய். வாங்கிப் போட்டோம். ஒரே ஒரு நிபந்தனை சொன்னாய்: வேலை முடியும்வரை இரண்டு பக்கமும் படுதா கட்டிவிடுவேன், யாரும் உள்ளே வந்து பார்க்கக்கூடாது. "தூசு பறக்கும். பட்டுல பட்டா பேஜாரு" என்றாய். பட்டு வியாபாரியைத் தூசு என்ற ஒரு சொல்லால் கட்டிப் போட்டுவிடலாம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நீயும் உன் மனைவியும் மட்டும் வேலை செய்தீர்கள். படுதாவைப் பிரித்தபோது வெள்ளையடித்த சுவர் நேராக நின்றது. எட்டு மூட்டை சிமெண்ட் அப்படியே மீந்திருந்தது.

"இன்னாடா இது?" என்றேன்.

"கணக்கு தப்பிடுச்சி" என்று தலையைச் சொறிந்தாய்.

கோபத்தில் அந்த மூட்டைகளை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கொல்லையில் கிடந்து ஒரே மழையில் கல்லாகிப் போயின. அதன் மேல் துணி துவைத்தோம். வருகிறவர்களுக்கெல்லாம் ஜாகீர்தார் கதையைச் சொல்லுகிற வாயால் இந்தக் கதையையும் சொல்ல ஆரம்பித்தேன். "ரெண்டு மூட்டை வேலைக்குப் பத்து மூட்டை வாங்கின மேஸ்திரி எங்க மேஸ்திரி." டீக்கடையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், நீ பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். நீயும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாய். விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று எழுத வருகிறது. ஆனால் அந்த விளையாட்டில் கொஞ்சம் விஷமும் இருந்தது. எங்களை நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னதற்கு உன்னை நான் கணக்குத் தெரியாத கொத்தனாக்கினேன்.

கண்ணமங்கலம் சாலையில் கல்யாண மண்டபம் கட்டியவர் என்னிடம் உன்னைப் பற்றி விசாரித்தார். உனக்கு அந்த வேலை கிடைத்திருந்தால் இரண்டு வருஷத்துக்கு வேறு இடம் தேட வேண்டியிருக்காது. அவரிடமும் அதே கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு வேலையை வேலூர் ஆளிடம் கொடுத்துவிட்டார். உன் காதுக்கு எப்படியும் வந்திருக்கும். அந்த வருஷமும் ஆடி பிறந்ததும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பின்கட்டு ஓடுகளை மாற்ற வந்தாய். என் பக்கத்து ஓட்டை மாற்றிவிட்டுக் கீழே இறங்காமலே தம்பி பக்கத்துக்கு நடந்து போனாய். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நானாக இருந்தால் கூரையோடு சேர்த்து இறக்கியிருப்பேன்.

சுவர் நின்ற வருஷங்களில் தம்பியும் நானும் பேசவில்லை. கூடம் பாதியானதால் அவன் ஷோரூமும் நடக்கவில்லை. கடைத்தெருவில் வேறு இடம் பார்த்துக்கொண்டான். எனக்கு ஒரே எரிச்சல், அவன் வீட்டுக் குக்கர் விசில்கூட இந்தப் பக்கம் கேட்டது. அதையும் உன்னிடம் குறையாகச் சொன்னேன். "பச்சை சொவரு. போகப் போக எறுகும்" என்று பதில் சொன்னாய். ஐந்து வருஷம் கழித்துக் கேட்டபோதும் அதையே சொன்னாய்.

பிறகு நீ போனாய். வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று காலையில் சேதி வந்தது. சேவூரில் உன் வாசலில் நின்றேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ குடையை என் தலைக்கு மேல் நகர்த்தினார்கள். திரும்பினால் தம்பி.

"நனையாத. ஒரு வாரமா இருமிகினு கீற. அந்தப் பக்கம் கேக்குது" என்றான்.

ஒன்பது வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அழுகை வந்தது உனக்காகவா அவனுக்காகவா என்று தெரியவில்லை. இருவரும் ஒரே குடையில் சுடுகாடு வரை வந்தோம். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தோம். முதலில் வாசலில் நின்று, பிறகு திருவிழாவுக்கு, பிறகு ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை மற்றவர் வீட்டுக்கு அனுப்பி. இப்போது வைகாசியில் அவன் மகளுக்குக் கல்யாணம். பந்தல் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது தம்பி தரையைப் பார்த்தபடி கேட்டான்: "சொவத்த எடுத்துடலாமா?"

நான் உடனே சரி என்றேன். பயம் ஒன்றுதான் இருந்தது. உன் வேலை எவ்வளவு உறுதி என்று எனக்குத் தெரியும். சுவரை உடைக்கும்போது தூண்களும் தரையும் உடையும், விட்டம் அதிரும், எடுத்தாலும் தழும்பு நிற்கும் என்று நினைத்தேன். கண்ணமங்கலத்திலிருந்து நாலு பேர் துளைபோடும் மெஷினோடு இன்று காலை வந்தார்கள். அவர்களின் மேஸ்திரி பூச்சைக் கொஞ்சம் கொத்திவிட்டுச் செங்கல்லை ஆட்டிப் பார்த்தார். செங்கல் கையோடு வந்தது. இன்னொன்றை இழுத்தார். அதுவும் வந்தது.

"மொதலாளி, இது மண்ணு சாந்துங்க. சிமெண்ட்டு மேல் பூச்சுக்கு மட்டும்தான். இந்த மெஷினு எதுக்கு, கையாலயே எடுத்துடலாம்" என்றார்.

அதன்பிறகு அவரே உன் வேலையை எங்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். பக்கச் சுவர்களோடு உன் சுவர் எங்கும் சேரவே இல்லை. இரண்டு விரல் இடைவெளி விட்டு வைக்கோலைத் திணித்து மேலே பூசியிருக்கிறாய். விட்டத்தையும் அது தொடவில்லை. அடியில் பழைய தளத்தைக் கொத்தாமல் கோணிச் சாக்கை விரித்து, அதன் மேல் ஆற்று மணலைப் பரப்பி, அதன் மேல் முதல் வரிசையை வைத்திருக்கிறாய். கடைசிச் செங்கல்லை எடுத்துச் சாக்கை உருவியபோது அடியில் கறுப்புக் கல் பட்டை கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"இத கட்டினவரு இடிக்கறதுக்காகவே கட்டியிருக்காருங்க. இப்பிடி ஒரு வேலைய நான் பாத்ததே இல்ல. யாருங்க அவரு?" என்று கேட்டார் அந்த மேஸ்திரி.

தம்பி செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டான். எனக்கு எட்டு மூட்டை சிமெண்ட் ஞாபகம் வந்தது. இரண்டு மூட்டைதான் வேண்டும் என்று உனக்கு முதலிலேயே தெரியும். இரண்டு கேட்டிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன், படுதாவைக் கிழித்துக்கொண்டு வந்து கெட்டியாகக் கட்டு என்று கத்தியிருப்பேன். அதனால் பத்து கேட்டாய். மீந்ததற்குக் கணக்குத் தப்பிவிட்டது என்று சொல்லி, நகத்தளவு கோணலுக்குச் சுவரைப் பிரித்துப்போட்ட நீ, உன் தொழிலில் பெயர் கெட்டாலும் கெடட்டும் என்று இருந்துவிட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். சொல்லியிருந்தால் நானே அந்தச் சுவரை இடித்துவிட்டுச் சிமெண்டில் கட்டியிருப்பேன் என்பதும் உனக்குத் தெரியும். என்னை அவ்வளவு சரியாக அறிந்தவன் நீ. வெட்கமாக இருக்கிறது. அதற்கு மேல் பெருமையாக இருக்கிறது. இப்படி ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான், என் வீட்டில் காபி குடித்தான்.

மத்தியானம் சேவூருக்குப் போய் உன் மனைவியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் ஆச்சரியப்படவில்லை.

"மண்ணு கொழைச்சதே நான்தாண்ணா" என்றார். "ஊர்ல சிரிக்கறாங்களே, சொல்லிடக் கூடாதான்னு நானும் எத்தினியோ தரம் கேட்டேன். அவுங்க கோவம் எத்தினி நாளைக்கின்னு தெரியாது, கோவத்தவிட சொவரு கெட்டியா இருக்கக் கூடாதுன்னு சொன்னாரு. அந்த மண்டப வேலை போனப்பதான் ரெண்டு நாளு பேசாம இருந்தாரு. அப்பால ஓடு மாத்தணும்னு ஏணிய எடுத்துகினு உங்க வூட்டுக்குத்தான் வந்தாரு."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்ன எதுக்குண்ணா கேக்குறீங்க, என்னப் பத்தியா பேசினீங்க?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்தேன். உன்னிடம் கேட்க வழி இல்லை. ஆனால் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார்கள். டீக்கடையில் இருக்கிறார்கள், கோயிலில் இருக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். கெடுத்த பெயரைக் கெடுத்த இடத்தில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரையும் கூட்டிவந்து கூடத்தில் நிறுத்தி, வைக்கோலையும் சாக்கையும் காட்டி, உன் சுவர் எப்படி நின்றது என்று சொல்லப்போகிறேன். கூடவே அண்ணனும் தம்பியும் பாவு நீட்டிய கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். ஜாகீர்தார் இனி அவர் தலைப்பாகையை எடுத்துக்கொண்டு புறப்படலாம்.

மண்டபத்துக்காரரிடமிருந்து நாளைக் காலையில் ஆரம்பிக்கிறேன் என்று இப்போதுதான் தம்பியிடம் சொன்னேன். அவன் வடக்குக் கோடியில் இருக்கிறான்.

"நாளைக்கி எதுக்கு? இன்னும் பொழுது கீது. இப்பவே போலாம்" என்று அங்கிருந்தே கத்துகிறான். "நீ மட்டுமா சொன்ன? இந்தப் பக்கம் நானும் அதத்தான் சொல்லிகினு இருந்தேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறான். போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம்.